கரகத் தண்ணீருக்கு நிரை பிடித்த நாள்

1

பேர்கன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறாதவர்களை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. மழை பெய்தாலும் ஏறுவார்கள். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் நோர்வேயின் அந்தக் கரையில் ஒருவரும் கல்யாணம்கூடக் கட்ட முடியாது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் எந்த மலை, எப்படிப் போனோம், உச்சியில் என்ன சாப்பிட்டோம் என்றுதான் பேச்சு ஓடும். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு கிழங்கு உரிக்கும் இங்க்ரிட் என்ற பெண் இந்த வருடம் ஒரு நாள் கேட்டாள்.

"நீயும் மலைநாட்டுக்காரிதானே, மகேஸ். உங்கள் மலைக்கு மேலே என்ன இருக்கிறது?"

தேயிலை, காடு, புல் என்று அடுக்கினேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. எனக்கே என்மேல் கோபம் வந்தது.

உடப்புசல்லாவையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அந்த பஸ்ஸும் இனி முடியாது என்று நின்றுவிடும் இடத்திலிருந்து நடந்து ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. அங்கேதான் பிறந்தேன். பள்ளிக்கூடம் முடித்து நாலு வருடம் அங்கே கொழுந்து பறித்தேன். கடைசித் தேயிலைச் செடிவரை எனக்குத் தெரியும். அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மானாப் புல். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து விழ வைத்திருக்கும் பீலியில்தான் குளித்து வளர்ந்தேன். அந்தத் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது என்பது தெரியும். மேலே எங்கிருந்து என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

பார்க்க யாருக்கு நேரம்? எங்கள் ஊரில் "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். லீவு நாளில் ஒருத்தி சும்மா மலை ஏறினால் அவளுக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இந்த ஆடியோடு நான் நோர்வேக்கு வந்து இருபது வருடம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, கோடை லீவுக்கு ஊருக்குப் போவோம் என்று என் மகள் மீராவிடம் சொன்னேன். என் கணவருக்குத்தான் கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மீரா பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்திருக்கிறாள். என்னோடு தமிழில்தான் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் நோர்வே மொழிக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே, பொறுமையாகச் சொன்னாள்.

"வாறேன் அம்மா. ஆனா இதுதான் கடைசி. அடுத்த லீவுக்கு நான் என் கூட்டாளிகளோட எங்கயாவது போவேன். அங்க எனக்குன்னு ஒண்ணும் இல்ல."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

2

குடியுரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரையும் அதில் எங்கள் பிரிவான டிவிஷன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் கணினியில் தேடிவிட்டு, "இப்படி ஓர் இடம் வரைபடத்தில் இல்லையே" என்றாள். "நான் இருக்கிறேனே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் நுவரெலியா என்று பதிந்தாள். அதுவரை நான் நுவரெலியாவுக்குப் போனதே மொத்தம் இரண்டு தடவைதான்.

இப்போது அந்தக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, சொந்த லயத்துக்குப் போகச் சுற்றுலா விசா எடுக்கிறேன். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்கிறார்கள். சுற்றிப் பார்த்தல் என்று நிரப்புகிறேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்வது போலக் கை கூசும். இந்தத் தடவை அது நிஜமாகப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் தங்குவது என் அண்ணன் வீட்டில். வீடு என்றால் அண்ணிதான். சரோஜா அண்ணி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு, போன வருடம்தான் கூடையை இறக்கி வைத்தவர். கூடையை இறக்கினாரே தவிர வாயை இறக்கவில்லை. நாங்கள் போய் இறங்கிய அன்றே அண்ணிக்கும் கோயில் கமிட்டிக்கும் சண்டை முற்றியிருந்தது.

எங்கள் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா, கரகம் பாலிப்பதோடு தொடங்கும். செம்பில் தண்ணீர் எடுத்து, வேப்பிலையும் பூவும் கட்டி, அம்மனை அதில் எழுந்தருளச் செய்து, தப்படித்துக் கோயிலுக்கு அழைத்து வருவார்கள். என் காலத்தில் பீலிக்கரைத் தண்ணீரே போதும். இப்போது பீலிக்கு மேலே மரக்கறித் தோட்டங்கள் வந்துவிட்டன. மருந்தடித்த தண்ணீர் இறங்குகிறது. ஆடி மாதத்தில் அதுவும் நூல் மாதிரித்தான் வருகிறது. அதனால் போன வருடம் டேங்கிலிருந்து குழாய்த் தண்ணீர் பிடித்துப் பாலித்துவிட்டார்கள்.

"டேங்க் தண்ணி, மகேஸு! குளோரின் வாடை அடிச்சிச்சு. அம்மன் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் வந்திருப்பா" என்றார் அண்ணி.

மறுநாள் கோயில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பெண்கள் கேட்டுக்கொண்டு இருக்கலாம், பேசுவது வழக்கமில்லை. கமிட்டித் தலைவர் ராமையா பந்தல் கணக்கைச் சொல்லி முடித்ததும் அண்ணி எழுந்துவிட்டார்.

"தலைவரே, இந்த வருசம் ஊத்துக்கண்ணுல இருந்து தண்ணி கொண்டாந்து பாலிக்கணும்ங்க."

"அம்புட்டு ஒசரம் யாரும்மா ஏறுறது? பசங்களுக்கு இங்க தலைக்கு மேல வேல கெடக்கு."

"நாங்க ஏறுறோம்."

"பொம்பளைங்களா?" என்று தலைவர் கேட்க, முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"ஏங்க, லயத்துக்கு இத்தன வருசமா குடத்துல தண்ணி சொமந்தது யாரு, நீங்களா? கொழுந்துக் கூடையோட மலை ஏறலாம், சாமிச் செம்போட ஏறக் கூடாதா?"

பின்வரிசையில் சத்தம் கிளம்பியது. ராமையா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரித்தவர்கள் முன்னால் இறங்கி வர அவருக்கு மனமில்லை.

"சரி. திருவிழா அன்னைக்கு விடியப் போயி, பொழுது சாயிறதுக்குள்ள ஊத்துத் தண்ணியோட வந்து நின்னீங்கன்னா, இனிமே வருசா வருசம் கரகத் தண்ணி பொம்பளைங்க பொறுப்பு. கூட்டத்துல முன்னுக்கு ஒக்காந்து பேசலாம். வரலைன்னா, இனிமே கோயில் கூட்டத்துல பொம்பளைங்க வாயே தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அண்ணி. பக்கத்தில் இருந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் கை போட்டார். "நீதான் அந்த நாட்டுல ஞாயித்துக்கெழமைன்னா மலை மேல நின்னு போட்டோ போடுறியே. நீ இருக்கங்காட்டிதான் சம்மதம்னேன்."

நோர்வே மலைகளில் கல்லுக்குக் கல் சிவப்பு மையில் அடையாளம் போட்டிருப்பார்கள், வழி தவற வேண்டுமானால் அதற்கென்று தனியாகப் பாடுபட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3

தேயிலை தோட்டத்துக்குச் சொந்தம், காடு அரசாங்கத்துக்குச் சொந்தம். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் அண்ணன் போய் அனுமதி வாங்கி வந்தார். வன அதிகாரியிடம் நாங்களே போனோம். பூமணி அக்கா வலப்பனைச் சந்தையில் பழகிய சிங்களத்தில் விளக்கினார். பூமணி அக்கா அண்ணியோடு சேர்ந்து தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர், இன்னும் கொழுந்து பறிப்பவர், பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெருப்பு வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் போடக் கூடாது, இறங்கியதும் வந்து சொல்ல வேண்டும் என்றார். கொஞ்சம் யோசித்து, "என் அம்மாவுக்குக் கொடுக்க எனக்கும் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

திருவிழா அன்று பனி விலகுமுன்பே கிளம்பினோம். அண்ணி, பூமணி அக்கா, அவர்களோடு ஒரே கங்காணியின் மேற்பார்வையில் வேலை செய்த மூன்று பெண்கள், நான், மீரா. அவர்கள் சேலையைத் தூக்கிச் செருகி, கொழுந்து பறிக்கும்போது செய்வது போல இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அண்ணிக்கு நேர்த்திக்கடன், அதனால் செருப்பும் இல்லை. மீரா பேர்கனில் வாங்கிய, தண்ணீர் உள்ளே போகாத சப்பாத்தும் இரண்டு கையிலும் மலையேறும் தடியுமாக வந்தாள்.

பூமணி அக்கா மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுல பிள்ளைக்கு ரெண்டு கைத்தடியா? காலுல என்னா வருத்தம்?"

"வருத்தம் இல்ல, பெரியம்மா. இது ஸ்டைல்" என்றாள் மீரா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதல் அருவி எங்களுக்குத் தெரிந்ததுதான். தேயிலை முடிகிற இடத்தில், ஆள் உயரப் பாறையிலிருந்து விழும். வேலை நாளில் அங்கேதான் முகம் கழுவித் தேத்தண்ணி குடிப்போம். அங்கே உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். பிறகு காடு. இரண்டாவது அருவி விறகுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும், பெரிய பாறையில் இரண்டாகப் பிரிந்து இறங்கும். அதைக் கடக்க வேர்களைப் பிடித்து, ஒருவர் கையை ஒருவர் இழுத்து ஏற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் எனக்குக் கால் வழுக்கியது. நான் கத்தியது நோர்வே மொழியில்.

"அம்மன் காதுல விழுந்தாலும் வெளங்காது, தமிழ்ல கத்து" என்றார் அண்ணி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.

மூன்றாவதை யாரும் பார்த்ததில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது. மரங்கள் விலகியதும், அண்ணாந்து பார்க்கிற உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆடிக்காற்று அதைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசியது. அவ்வளவு மெலிந்த மாதத்திலும் எங்கள் எல்லாரையும் நனைக்க அது போதுமாக இருந்தது. பூமணி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இம்புட்டு நாளா நம்ம தலைக்கு மேல இது கொட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு. ஒருத்தன் சொல்லலையே!"

யார் முதலில் இறங்கினார்கள் என்று தெரியவில்லை. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் சேலையோடு அருவியில் நின்று கூச்சல் போட்டார்கள். அந்தப் பெண்கள் மலையில் விளையாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

4

அருவிக்குப் பக்கத்துச் சரிவில் தொற்றி ஏறினால் மானாப் புல். அங்கே ஓடை ஓடையாக இல்லை. நாலைந்து கசிவாகப் பிரிந்து புல்லுக்கு அடியில் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து மூடுபனி வந்து இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மீராவின் போனில் வரைபடம் இருந்தது. பெயர் எதுவும் இல்லாத மெல்லிய நீலக் கோடு, ஓரிடத்தில் முடிந்தது. அவள் அந்த இடத்துக்கே எங்களைக் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இங்கதான், அம்மா. கிட்டத்தட்ட."

காய்ந்த புல். குனிந்து தடவினேன். மண்கூட ஈரமில்லை. ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் போனோம், இந்தப் பக்கம் வந்தோம். கடைசியில் நாங்களே மிதித்த தடத்தில் வந்து நின்றோம். பனிக்குப் பின்னால் வெளிச்சம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. கீழே இறங்கவும் நேரம் வேண்டும்.

பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "மூணாவது அருவியில புடிச்சிக்கிட்டுப் போனா என்னா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி. மடியில் மஞ்சள் துணி சுற்றிய செம்பு. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. "என் வாய மட்டும் நான் அடகு வச்சிருந்தாப் பரவால்ல, மகேஸு. எல்லாரு வாயையும் சேத்து வச்சிட்டேனே. நாளைக்கு இவளுகளுக்குப் பொறந்ததுகளும் அந்தக் கூட்டத்துல ஊமையா ஒக்காந்திருக்குமே."

நான் அந்தச் சரிவைப் பார்த்தேன். பனி கொஞ்சம் கலைந்தபோது அது முழுதாகத் தெரிந்தது. தேயிலை இல்லாத ஒரு தேயிலை மலை. அந்தச் சாய்வும் அகலமும் என் காலுக்குப் பழக்கமானவை. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கங்காணி காலையில் போடுகிற சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது.

"நிரை பிடிங்க!"

அண்ணியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. படங்கை இறுக்கிக்கொண்டு, சரிவின் அடியில் பக்கத்தில் பக்கத்தில், கைக்குக் கை எட்டாத இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். கொழுந்து பறிக்கும்போது யாரும் ஒருவர் பின் ஒருவராகப் போவதில்லை. மலையை அகலவாக்கில் பங்கு போட்டு, ஆளுக்கு ஒரு நிரை எடுத்து, எல்லாரும் சேர்ந்து மேலே ஏறுவோம். அப்படி ஏறினால் ஒரு செடி தப்பாது. மலை ஏற வந்த நாங்கள் நோர்வேக்காரர்கள் மாதிரி ஒற்றை வரிசையில் அலைந்திருக்கிறோம்.

மீரா மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"ஓரத்து நிரை ஒனக்கு" என்றார் பூமணி அக்கா. "அடுத்தவ நிரையில கால வைக்காத. ஒன் நிரையில ஒரு அடிய விட்டுட்டும் போகாத. தடியால குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு வா."

மறுபடியும் பனி மூடியது. இந்தத் தடவை பயமில்லை. யாராவது பிந்தினால் "ஓய்" என்று குரல் கொடுப்பார்கள், வரிசை நிற்கும், பிறகு ஏறும். ஒருத்தி பேறுகால வலிக்கு மலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போன பழைய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் கைகள் தன்பாட்டுக்குப் புல் நுனியைத் தடவிக்கொண்டு போயின. இருபது வருடம் எங்கேயோ போய்விட்டது.

பிறகு ஓரத்திலிருந்து ஒரு அலறல்.

"அம்மா! என் சப்பாத்துக்குள்ள தண்ணி!"

நான் நோர்வே மொழியில் "எங்கே?" என்று கத்தினேன். "இங்க, இங்க! தமிழ்ல கேளுங்க!" என்று பதில் வந்தது. எல்லாரும் தங்கள் நிரையை விட்டு ஓடினோம். மீரா முழங்கால்வரை சேற்றில் புதைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விலை கொடுத்து வாங்கிய சப்பாத்துக்கு மேல்பக்கமாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. அவளுக்கு ஓரடி மேலே, பாசி பிடித்த கல்லுக்கு அடியில், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குழி. அதற்குள் மணலைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. மூன்று அருவிக்கும், பீலிக்கும், கீழே போய்ச் சேருகிற மகாவலி ஆற்றுக்கும் எங்கள் பக்கத்துத் தொடக்கம் அதுதான்.

அண்ணி மண்டியிட்டார். குங்குமம் வைத்து, ஒரு பூவைப் போட்டு, உள்ளங்கையால் அள்ளி அள்ளிச் செம்பை நிறைத்தார். வன அதிகாரியின் போத்தலையும் மறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் குடித்தோம். பல் கூசுகிற குளிர். நான் அழுதேன். அழுவதற்கு வெட்கப்படவும் இல்லை.

மீரா தன் போனில் அந்த நீலக் கோட்டைக் கொஞ்சம் நீட்டி, முடிகிற இடத்தில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷன் பெயரையும் போட்டிருந்தாள்.

5

எடுத்த தண்ணீர் கோயிலுக்குப் போகும்வரை தரையில் படக் கூடாது. ஏறும்போது இது யாருக்கும் நினைவில்லை. இறங்கும்போது, இரண்டாவது அருவிப் பாறையில் அண்ணியின் முழங்கால் பிடித்துக்கொண்டது. செம்பு அவர் கையில் ஆடியது. "நிரை!" என்று இந்தத் தடவை பூமணி அக்கா சத்தம் போட்டார். பாறையின் மேலிருந்து கீழ்வரை நாங்கள் ஆளுக்கொரு வேரைப் பிடித்து நின்றோம். செம்பு கை மாறி கை மாறி இறங்கியது. நடுவில் நின்ற மீரா தடிகளை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கி, மூச்சுகூட விடாமல் எனக்குக் கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அடியில் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அண்ணி போட்ட குலவை, கீழே தேயிலையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அங்கேயிருந்து தப்புச் சத்தம் பதிலாக வந்தது.

லயத்துக்கு வந்தபோது கோயில் கோபுரத்தில் இன்னும் வெயில் இருந்தது. சேறும் சேலையுமாக நாங்கள் நடந்து வர, தோட்டமே இரண்டு பக்கமும் நின்றது. பெண்கள் ஒருவர் விடாமல் குலவை போட்டார்கள். தலைவர் ராமையா முன்னால் வந்தார்.

"நெசமாவே ஊத்துத் தண்ணிதானா, சரோஜா?"

"சந்தேகமா இருந்தா நாளைக்கு வாங்க தலைவரே, கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம். ஏறிக்கிருவீங்களா?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை முன்வரிசையும் சேர்ந்து சிரித்தது. ராமையா அண்ணியின் வெறுங்காலைப் பார்த்தார், எங்கள் கோலத்தைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செம்பைக் கும்பிட்டார். பிறகு மைக்கை வாங்கி, இனிமேல் கரகத் தண்ணீர் வருடா வருடம் பெண்கள் பொறுப்பு, கூட்டத்தில் அவர்களுக்கு முன்வரிசை என்று, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதற்காக அவரை மெச்சுகிறேன்.

அண்ணி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அந்தக் கோயில் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அதுவரை வந்ததில்லை.

"அடுத்த வருசத்துக்கு இப்பவே நிரை பிரிக்கிறேன். வாற ஆளு பேரக் குடுங்க."

பெண்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு நிரை கேட்டார்கள். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி, ஊற்று கிடைத்த ஓரத்து நிரையைத் தனக்குக் கேட்டாள். அண்ணி சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"அத்தை, நில்லுங்க!"

ஈரச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு மீரா கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள்.

"அது என் நிரை. யாருக்கும் குடுக்கக் கூடாது."

அண்ணி மைக்கை இறக்காமலே அவளைப் பார்த்தார். "நிரை கேட்டாப் போதாது, பிள்ள. காலப் பெரட்டுல பேர் கூப்புடுறப்ப ஆள் வரலைன்னா நிரை கை மாறிரும். ஆடிக்கு இங்க வந்து நிக்கணும்."

"நிப்பேன்" என்றாள் மீரா. அது மைக்கிலும் கேட்டது.